ஊர் வளர்கிறது, நம் பள்ளி எங்கே நிற்கப் போகிறது?



ஓர் ஊர் வளர்ந்துவிட்டது என்பதை நாம் எதைக்கொண்டு அறிகிறோம்? முச்சந்தியில் சமிக்ஞை விளக்கு நடப்படுகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை வருகிறது. அதன் பக்கத்திலேயே துரித உணவகம் ஒன்றும் பணப்பொறி ஒன்றும் வருகின்றன. செம்பனை வெட்டப்பட்ட மேட்டில் 'விற்பனைக்கு' என்ற பெரிய பலகை எழுகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே ஓர் தாமான் குடியேறிவிடுகிறது. கோல சிலாங்கூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இக்காட்சி புதிதன்று. 2010-இல் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த இம்மாவட்டத்தின் மக்கள்தொகை, 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு அருகே வந்துவிட்டது. மாவட்ட மன்றமாக இருந்த ஊராட்சி 2021-இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது.

மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு தமிழாசிரியராக இந்த வளர்ச்சியைப் பார்க்கும்போது என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. தாமான்கள் பெருகும் இதே மாவட்டத்தில், நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் முதலாம் ஆண்டு வகுப்பின் நாற்காலிகள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன? தமிழ்க் குடும்பங்கள் இந்த மாவட்டத்தை விட்டுப் போய்விடவில்லை. தோட்டத்தை விட்டுத்தான் போயிருக்கிறார்கள். இரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

முதலில் இந்த ஊர்களின் பழங்கதையைச் சற்றே நினைவுகூர்வோம். கோல சிலாங்கூர் பட்டணத்துக்கு அரச வரலாறு உண்டு. மெலாவத்திக் குன்றின் கோட்டையை 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, பின்னர் சுல்தானிடம் இழந்தார்கள். குன்றின் மேல் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 1907-இல் எழுந்தது. ஆனால் உள்நாட்டுப் பகுதியின் வரலாறு கோட்டையால் எழுதப்பட்டதன்று, தோட்டத்தால் எழுதப்பட்டது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இம்மாவட்டத்தில்தான் தோன்றியது. அதனை உருவாக்கியவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. அத்தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! பெயரைக் கேட்டாலே தமிழ் காதில் விழுகிறதல்லவா? நாட்டின் பெருஞ்செல்வமாக வளர்ந்த ஒரு பயிரின் தொடக்கப் பக்கத்தில் நம் மொழிச் சொல் ஒன்று நிற்கிறது. நம் மாணவர்களுக்கு இதனை நாம் சொல்லித் தருகிறோமா?

அடுத்து பத்தாங் பெர்ஜுந்தை. ஒரு காலத்தில் ஈயம் அள்ளும் பெரும் மிதவைக் கப்பல்கள் அங்கே இரவு பகலாக இரைந்துகொண்டிருந்தன. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் அத்தொழில் நலிந்தது. பின்னர் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே வந்தது. 2007-இல் ஊரின் பெயரும் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. ஆனாலும் நம் பெரியவர்கள் இன்றும் பழைய பெயரையே சொல்கிறார்கள். அதே 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அதற்கு முந்திய சில வாரங்களில் சாலைகளுக்குத் தாரும் தெருக்களுக்கு விளக்கும் எவ்வளவு விரைந்து வந்தன என்பதை நாடே பார்த்தது. எந்தக் கட்சியையும் குறை கூற இதனை எழுதவில்லை. நம் ஊரில் ஒரு வசதியைச் செய்து தர முடியும் என்பதையும், கேட்கும் குரல் காதில் விழும் காலம் ஒன்று உண்டு என்பதையும் நினைவூட்டவே எழுதுகிறேன்.

இந்த ஊர்களை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவை சாலைகளே. 2005-இல் ஷா ஆலாமையும் ரவாங்கையும் இணைக்கும் கத்ரி நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2011-இல் ஈஜோக்கிலிருந்து டெம்பளர் பூங்கா வரை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளமுள்ள லாதார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதுவரை கோலாலம்பூரில் வேலை என்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. லாதார் வந்தபின் காலையில் சென்று மாலையில் திரும்பலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நகரத்தில் வீடு வாங்க இயலாத இளங்குடும்பங்கள் புஞ்சாக் ஆலாம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் திரும்பின. புஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும், அதன்பின் அதன் மருத்துவமனையும் எழுந்தன. நேற்றுவரை செம்பனைக்கு நடுவே இருந்த இடம் இன்று நகரம்.

இக்குடும்பங்களின் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது? தந்தை ஐந்தரை மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளிலோ காரிலோ புறப்பட்டுவிடுகிறார். தாய்க்குச் சுங்கை பூலோவிலோ ஷா ஆலாமிலோ தொழிற்சாலை வேலை. தொழிற்சாலைப் பேருந்து தாமான் முனையில் வந்து நிற்கிறது. பிள்ளை ஆறு மணிக்கே பள்ளி வேனுக்காக வாசலில் நிற்கிறது. நம் நாட்டில் சூரியன் எழுவது காலை ஏழு மணி அளவில்தான். 1982 சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டதிலிருந்து, நம் மாணவர்களின் காலை இருட்டிலேதான் தொடங்குகிறது. அண்மையில் பள்ளி இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய சுமையன்று. பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கோ, நாளின் முதல் ஒரு மணி நேரம் வேனுக்குள் தூக்கத்திலேயே கழிகிறது. முதல் பாடவேளையில் அக்குழந்தையின் கண்களைப் பார்க்கும் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புதிய தாமானில் வசதிகள் இல்லை என்று கூற முடியாது. வாரம் ஒரு மாலை இரவுச் சந்தை கூடுகிறது. அங்கே தஞ்சோங் காராங் மீனும் செக்கிஞ்சான் அரிசியும் கிடைக்கின்றன. ஒரு மூலையில் அப்பளமும் முறுக்கும் விற்கும் நம் அக்காவும் நிற்கிறார். அரசாங்கக் கிளினிக் உண்டு. பெரிய நோய் என்றால் தஞ்சோங் காராங் மருத்துவமனை. அதனினும் பெரியது என்றால் 2006-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ மருத்துவமனை. மாநில அரசு 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிலாங்கூர் பேருந்துத் திட்டமும் பலருக்கு உதவியது. ஆனால் இவ்வசதிகள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சொந்த வண்டி உள்ளவருக்கே இவை முழுமையாகக் கிட்டுகின்றன. இரயில் தடம் கோல சிலாங்கூர் வரை வருவதில்லை. இரயிலேற வேண்டுமானால் சுங்கை பூலோவுக்கோ ரவாங்குக்கோ செல்ல வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாத பாட்டிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஊர் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அதன் எல்லை தாமான் வாசலோடு முடிந்துவிடுகிறது.

தோட்டத்து வாழ்வை நான் பொற்காலம் என்று புகழ மாட்டேன். அடிமைத்தனத்துக்கு அண்மையில் இருந்த கூலி, ஒற்றை அறை லயம், வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம், இவற்றை எல்லாம் நம் பெற்றோர் அனுபவித்தார்கள். அந்த அச்சம் இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. புக்கிட் தாகார் வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்தார்கள். 2023-இல்தான் 245 குடும்பங்களுக்கான வீடமைப்புத் திட்டம் முறையாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து தன் பெயரில் ஒரு வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் இளைஞரை நான் பாராட்டவே செய்வேன்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் எல்லாம் நடை தூரத்தில் இருந்தது. ஆயாக் கொட்டகை, கோவில், கடை, பந்துத் திடல், பள்ளி ஆகிய அனைத்துக்கும் பிள்ளை தன் கால்களாலேயே சென்று வந்தது. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும். முதலாளிகள் அதனை அன்பினால் செய்யவில்லை. பள்ளி இருந்தால் தொழிலாளர் குடும்பம் நிலைத்திருக்கும் என்ற கணக்கினால் செய்தார்கள். கட்டடம் கொட்டகையாக இருந்தது. ஆசிரியர் பல இடங்களில் கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். ஆனாலும் பள்ளி இருந்தது! பத்துக் குழந்தைகளுக்கு ஒரு தமிழ்ப்பள்ளி வேண்டும் என்று அன்னிய ஆட்சியின் சட்டமே கூறியது. இன்று ஆயிரக்கணக்கான வீடுகள் எழும் ஒரு புதுநகரில் பள்ளிக்கென்று நிலம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்நிலத்தில் எழும் பள்ளி தமிழ்ப்பள்ளியாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. யாராவது கேட்டால்தான் அப்பேச்சே எழும்.

இதன் விளைவு என்ன? மக்கள் இருக்கும் இடத்தில் பள்ளி இல்லை; பள்ளி இருக்கும் இடத்தில் மக்கள் இல்லை. தோட்டத்தில் இன்று பெரும்பாலும் வேலை செய்பவர்கள் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களின் குடும்பங்கள் இங்கே இல்லை. செம்பனைக்கு நடுவே நிற்கும் பள்ளிக்கு வெளியிலிருந்து வேனில் பிள்ளைகள் வந்தால்தான் உண்டு. மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டாவிட்டால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. எண்ணிக்கை மிகவும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிக்கும் நிலை வருகிறது. பகுதி உதவி பெறும் பள்ளி என்றால், ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. நிலமோ அரசுக்குச் சொந்தமன்று. நிலம் கைமாறும்போது பள்ளியின் கதியும் கேள்விக்குறியாகிறது.

சிறிய பள்ளி என்பதால் அது தாழ்ந்த பள்ளி என்று யாரும் எண்ண வேண்டாம். முப்பது பேர் உள்ள பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலையும் ஆசிரியருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை காலையில் உண்ணாமல் வந்தது என்பதும் தெரியும். மேடையில் பேசும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கும். அந்த நெருக்கத்தைப் பெரிய பள்ளிகள் விரும்பினாலும் தர இயலாது. சிறிய பள்ளிகளைப் பற்றி என் கவலை வேறு. பிள்ளைகள் இல்லை என்பதற்காக ஒரு பள்ளி மூடப்பட்டால், அதன் உரிமமும் நம் கையை விட்டுப் போகக்கூடும். புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் பெறுவது மிக அரிது. இருக்கின்ற பள்ளியை இடம் மாற்றிக் கொண்டுவருவதே பெரும்பாலும் நடைமுறையில் உள்ள வழி.

இத்தகைய இடமாற்றம் இயலாத செயலன்று. சுபாங் ஜெயாவுக்குச் சென்றவர்கள் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பார்த்திருக்கலாம். சுற்றிலும் அடுக்குமாடிகளும் அங்காடிகளும்! தோட்டம் எப்போதோ மறைந்துவிட்டது. பெயர்ப் பலகையில் மட்டும் 'தோட்டம்' என்ற சொல் இன்றும் நிற்கிறது. பூச்சோங்கின் காசல்பீல்டு, கின்றாரா பள்ளிகளும் அவ்வாறே தோட்டப் பெயரைத் தாங்கியபடி நகரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றன. இப்பள்ளிகளில் இன்று பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். அப்பகுதிப் பெற்றோருக்கு நம்மைவிடத் தமிழ்ப்பற்று மிகுதியா? நான் அவ்வாறு நினைக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளி அண்மையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். தாமான் பெற்றோர் ஒருவர் தம் பிள்ளையைத் தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ சேர்த்துவிட்டால், 'மொழிப்பற்று இல்லாதவர்' என்று அவரை உடனே தீர்ப்பிட்டுவிடுகிறோம். மேடைகளிலும் அவ்வாறே பேசுகிறோம். ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படும் தந்தையும் தாயும் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள்? நடந்து செல்லக்கூடிய பள்ளியை, அல்லது பள்ளி முடிந்தபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அருகில் உள்ள பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பற்று இல்லாதவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பற்றுக் குறைவு என்று நாம் எண்ணும் பலவற்றிற்குப் பின்னால் கிலோமீட்டரும் வேன் கட்டணமும் மாலை மூன்று மணி முதல் ஏழு மணி வரை பிள்ளையை யார் பார்ப்பது என்ற கவலையுமே உள்ளன. பழித்துப் பேசினால் இவை தீரா. வழி செய்து கொடுத்தால் தீரும்.

என்ன வழி? என் சிற்றறிவுக்கு எட்டிய சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, நிலம் காலியாக இருக்கும்போதே கேட்க வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சிப் பகுதிக்கும் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டம் வரையப்படுகிறது. எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பள்ளி, எங்கே வழிபாட்டு இடம் என்பனவெல்லாம் அதில் வண்ணமிட்டுக் காட்டப்படும். அத்திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்தையும் மறுப்பையும் எழுத்து வழி பெற வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நம்மவரில் எத்தனை பேர் அக்காட்சிக்குச் சென்று அந்தப் படிவத்தை நிரப்பினோம்? கட்டடம் எழுந்த பின்னர் நடத்தும் ஊர்வலத்தைவிட, வரைவு நிலையில் கொடுக்கப்படும் ஒரு கடிதத்துக்கு வலிமை மிகுதி. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் ஆலயக் குழுவும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கணக்கெடுப்பு. 'எங்கள் தாமானில் நிறையத் தமிழர் இருக்கிறார்கள்' என்று சொன்னால் எந்த அதிகாரியும் குறித்துக்கொள்ள மாட்டார். எந்தத் தெருவில் எத்தனை வீடு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது எந்தப் பாலர் பள்ளிக்குச் செல்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது கோரிக்கையாகிறது. இரண்டு சனிக்கிழமைகளில் இளைஞர்கள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

மூன்றாவது, இடமாற்றம் நிறைவேறும் வரை வேன். ஒரு தாமானிலிருந்து ஐந்து பிள்ளைகள் தனித்தனியே சென்றால் கட்டணம் கட்டுப்படியாகாது. பதினைந்து பேர் சேர்ந்தால் ஓட்டுநரும் வருவார், கட்டணமும் குறையும். பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் இருந்து படிக்க, ஆலய மண்டபத்திலோ பள்ளியிலோ ஓர் இடம் ஏற்பாடு செய்தால், வேலைக்குச் செல்லும் தாயின் பாதிக் கவலை நீங்கும்.

நான்காவது, தேசியப் பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளையும் நாம் மறத்தலாகாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். பதினைந்து பேர்! ஒரு தாமானின் இரண்டு தெருக்களில் அவ்வளவு பேர் இருப்பார்கள். ஆனால் அந்தப் பதினைந்து பெற்றோரும் ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே பள்ளி வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கிறார்கள். அவர்களை அறிமுகப்படுத்தி வைக்க ஓர் ஆசிரியரோ ஓர் ஆலயத் தலைவரோ போதும்.

இவற்றோடு ஒரு சிறு வேலையும் உண்டு. அடுத்த முறை பொது நூலகத்துக்குச் செல்லும்போது தமிழ் நூல்கள் எந்த அடுக்கில் உள்ளன என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இருந்தால் இரவல் எடுங்கள். இரவல் எடுக்கப்படாத நூல்களுக்கு அடுத்த ஆண்டு இடம் குறையும்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள செம்பனைக் காடும் விரைவில் ஒரு தாமானாகும். அங்கே கடைவீதி கட்டாயம் வரும். கார் நிறுத்துமிடமும் வரும். அவற்றை நாம் கேட்க வேண்டியதில்லை. வணிகம் தானே கொண்டுவரும். தமிழ்ப்பள்ளி அவ்வாறு தானே வராது. நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் அடுத்த வரைவுத் திட்டம் எப்போது வைக்கப்படுகிறது என்பதைக் கேட்டறியுங்கள். தெரிந்ததும் உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் கூறுங்கள். கடிதம் எழுதும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். கையொப்பங்களை மட்டும் நீங்கள் திரட்டித் தாருங்கள்.